பெர்க்யூனில் முதல் பனிச்சறுக்கு: குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெப்ரவரி மாத ஸ்போர்ட் விடுமுறை நெருங்கினால் போதும், சுவிஸில் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைகளை ஸ்னோவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். எங்கே போவது? என்ன கொண்டுபோவது?" எட்டுக் குளிர்காலமாக எங்கள் குடும்பம் போய்வரும் இடம் கிராவ்பூண்டன் மாநிலத்தின் அல்புலா பள்ளத்தாக்கில் உள்ள பெர்க்யூன் என்ற கிராமம். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சுவிஸில் வாழ்கிறவர்களுக்கும், ஊரிலிருந்து வந்து ஒரு நாளாவது பனியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இது உதவும்.

பேர்போன பெரிய இடங்கள் இருக்கும்போது ஏன் பெர்க்யூன்?

செர்மாட், சென் மோரிட்ஸ் போன்றவை நல்ல இடங்கள்தான். ஆனால் அவை ஏற்கெனவே ஸ்கீ தெரிந்தவர்களுக்கு. காலில் ஸ்கீ கட்டவே தெரியாத ஒரு குடும்பம் அங்கே போனால், பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், பெற்றோர் உணவகத்தில் கோப்பி குடித்துக்கொண்டு மேற்சட்டைகளுக்குக் காவல் இருப்பார்கள். பெர்க்யூனில் முதலிடம் சறுக்குவண்டிக்கு. பனியில் உட்கார்ந்து சறுக்கும் இந்தச் சக்கரமில்லா வண்டியை இங்கே ஷ்லிட்டன் என்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் ஐம்பது வயது அப்பாவும் முதல் நாளே ஒரே பாதையில் சேர்ந்து இறங்கி வரலாம்.

கிராமம் சுமார் 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையம், வண்டி வாடகைக் கடை, பாதை முடியும் இடம் எல்லாமே நடந்து போகும் தூரம். கார் தேவையில்லை. ஸ்கீ லிஃப்டுகள் கொஞ்சம்தான். நன்றாக ஸ்கீ ஓடுகிறவருக்கு இரண்டு நாளில் அலுத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் வேறு இடம் போவதே நல்லது.

சறுக்குப் பாதை எப்படி இருக்கும்? பயமாக இருக்குமா?

பெர்க்யூனுக்கு மேலே, சுமார் 1,790 மீட்டரில், ப்ரேடா என்று ஒரு சின்ன நிலையம். அங்கிருந்து கீழே பெர்க்யூன் வரை 6 கிலோமீட்டர். கோடையில் கார்கள் ஓடும் அல்புலா கணவாய்ச் சாலைதான் இது. குளிர்காலத்தில் வாகனங்களுக்கு மூடிவிட்டு, பனியை அழுத்திச் சமப்படுத்திச் சறுக்குப் பாதையாக்கி விடுகிறார்கள். சாலையாக இருந்ததால் சரிவு அளவாக இருக்கும். 6 கிலோமீட்டருக்கு சுமார் 400 மீட்டர்தான் இறக்கம். சில இடங்களில் தட்டையாகி வண்டி நின்றே போகும், இறங்கி இழுத்துக்கொண்டு நடக்கவேண்டும். வளைவுகளில் மட்டும் கவனம் வேண்டும்.

இந்தப் பாதைக்கு லிஃப்ட் கிடையாது. ரயில்தான் லிஃப்ட். பெர்க்யூனில் வண்டியோடு ரயிலில் ஏறி, ப்ரேடாவில் இறங்கி, சறுக்கிக்கொண்டு பெர்க்யூன் வந்து, மறுபடி ரயில். சறுக்கி வரும்போது தலைக்கு மேலே கல் பாலங்களில் சிவப்பு ரயில் கடந்து போகும். அதில் மேலே போகிற பிள்ளைகள் ஜன்னலால் கை காட்டுவார்கள். முதல் தடவை சின்னப் பிள்ளைகளோடு வந்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும், அவசரப்படவேண்டாம். இரவில் பாதைக்கு விளக்குப் போடுவார்கள். எந்தெந்தக் கிழமைகளில் இரவுச் சறுக்கு உண்டு என்பதை மட்டும் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

டார்லுக்ஸ் என்ற இன்னொரு பாதையும் இருக்கிறது. கிராமத்திலிருந்து நாற்காலி லிஃப்டில் ஏறவேண்டும். சுமார் 4 கிலோமீட்டர், சரிவு அதிகம், வேகமும் அதிகம். முதல் நாள் அங்கே போகாதீர்கள். ப்ரேடா பாதையில் ஐந்தாறு தடவை இறங்கி, பிரேக் பிடிப்பது காலுக்குப் பழகிய பிறகு போகலாம்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்லுங்களேன், பிள்ளைகள் கேட்கிறார்கள்.

எனக்கு இந்த ஊரில் சறுக்குவதைப் போலவே பிடித்தது இந்த ரயில். அல்புலா ரயில் பாதை 1903இல் திறக்கப்பட்டது. 2008இல் பெர்னினா ரயில் பாதையோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பெர்க்யூனுக்கும் ப்ரேடாவுக்கும் இடையே நேர்த் தூரம் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் 400 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். பற்சக்கரம் இல்லாத சாதாரணத் தண்டவாளத்தில் அவ்வளவு செங்குத்தாக ஏற முடியாது. அதனால் கட்டியவர்கள் பாதையை மலைக்குள் சுழற்றிச் சுழற்றி 12 கிலோமீட்டராக நீட்டினார்கள். ரயில் சுரங்கத்துக்குள் ஒரு வட்டம் அடித்து, நுழைந்த இடத்துக்கு மேலேயே வெளியே வரும். ஜன்னலால் பார்த்தால் பெர்க்யூன் தேவாலயக் கோபுரம் ஒரு முறை இடப்பக்கம் தெரியும், அடுத்த முறை வலப்பக்கம். பிள்ளைகளிடம் "கோபுரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள், நேரம் போவதே தெரியாது.

ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு ஒரு செய்தி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிய பழைய நீராவி எஞ்சின்கள் சுவிஸின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்தவை. அங்கே பற்சக்கரத்தை நம்பினார்கள், இங்கே சுழல் சுரங்கத்தை.

எப்படிப் போவது?

சூரிச்சிலிருந்து கூர், கூரிலிருந்து சென் மோரிட்ஸ் போகும் சிவப்பு ரயில். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் 65 மீட்டர் உயர லண்ட்வாசர் பாலம் வரும். பாலம் முடிகிற இடத்திலேயே ரயில் நேராகப் பாறைக்குள் நுழையும், எனவே அந்த இடத்தில் பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி இருப்பதால் பலர் ஞாயிறு போகிறார்கள். அன்று கூட்டம் அதிகம். விடுமுறை வாரத்தில் செவ்வாய், புதன் போனால் பாதையும் ரயிலும் காலியாக இருக்கும்.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லவேண்டும். இங்கே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியோடு ஸ்கீ முகாமுக்குப் போகிறார்கள். ஒரு வாரம் மலையில் இருந்துவிட்டு வந்து சொல்லும் கதைகள் நமக்குப் புரிவதில்லை. "நல்லா இருந்துச்சா, குளிரில்லையா?" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. என் மகள் முதல் முகாமிலிருந்து வந்தபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவளுக்குத் தெரிந்த ஓர் உலகத்தில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஷ்லிட்டனில் அவளுக்குப் பின்னால் நானும் இறங்கினேன். முதல் வளைவில் கவிழ்ந்து பனிக்குள் விழுந்தேன். அவள் ஓடிவந்து, காலை எப்படி ஊன்றுவது என்று எனக்குச் சொல்லித்தந்தாள். அன்றைக்குப் பிறகு பனிக்காலம் எங்கள் வீட்டில் பொதுப் பேச்சாகிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து நீங்களும் ஏறுங்கள். சேலையோடும் மெல்லிய சப்பாத்தோடும் கரையில் நிற்காமல், உங்களுக்கும் ஒரு பனிக் காற்சட்டை எடுத்துவாருங்கள்.

வண்டியை எப்படித் திருப்புவது, நிறுத்துவது?

உட்கார்ந்துதான் ஓட்டவேண்டும், கால்கள் முன்னால். படுத்துக்கொண்டு தலையை முன்னால் வைத்து இறங்குவதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். தலையும் கழுத்தும் முதலில் போய் மோதும்.

இடப்பக்கம் திரும்ப இடது காலைப் பனியில் அழுத்தி, கயிற்றின் இடப்பக்கத்தை இழுத்து, உடம்பையும் அதே பக்கம் சாயுங்கள். வலப்பக்கத்துக்கு இதையே மாற்றிச் செய்யவேண்டும். நிறுத்த இரண்டு பாதங்களையும் தட்டையாகப் பனியில் வைத்து அழுத்துங்கள். அவசரமென்றால் அதோடு வண்டியின் முன்பக்கத்தைக் கையால் மேலே தூக்குங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிப்பதில் பயனில்லை, வளைவு கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும்.

முன்னால் போகிறவரோடு இடைவெளி விடுங்கள். இளைப்பாற நின்றால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். இரண்டு வண்டிகளைக் கயிற்றால் கட்டி ஓட்டவேண்டாம். முன்வண்டி நின்றால் பின்வண்டி முதுகில் ஏறும்.

வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு வகை காட்டுவார்கள். டாவோசர் என்பது அசையாத சட்டம் கொண்ட மர வண்டி, பக்கத்து ஊரான டாவோஸின் பெயர் கொண்டது. ரோடல் என்பதன் சட்டம் சற்று வளைந்துகொடுக்கும், திருப்புவது சுலபம், வேகமும் கூடும். முதல் நாளுக்கு டாவோசரே போதும். பிளாஸ்டிக் தட்டு, ஊதிய வளையம் போன்றவற்றை இந்தப் பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள், அவற்றைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

எத்தனை வயதிலிருந்து கூட்டிப்போகலாம்?

நான்கைந்து வயதுப் பிள்ளையைப் பெரியவரின் முன்னால், இரண்டு முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்து ஓட்டலாம். பிள்ளையின் கால்கள் வண்டியின் மேலேயே இருக்கவேண்டும். தானும் பிரேக் பிடிக்கிறேன் என்று காலைக் கீழே போட்டால் வண்டிக்கடியில் மாட்டிக்கொள்ளும். எட்டு வயதுக்கு மேல் தனி வண்டி கொடுக்கலாம், அப்போதும் ஒரு பெரியவர் கூடவே வரவேண்டும். தலைக்கவசம் எல்லோருக்கும் வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் நான் கட்டாயம் என்றே சொல்வேன். ஸ்கீ தலைக்கவசம் வாடகைக்குக் கிடைக்கும்.

கைக்குழந்தையோடு ஆறு கிலோமீட்டர் இறங்கவேண்டாம். குழந்தை அசையாமல் குளிரில் இருக்கும், உங்கள் கைகளும் வேறு வேலையில் இருக்கும். ஒருவர் கிராமத்தில் குழந்தையோடு இருக்க, மற்றவர் சறுக்கி வந்ததும் மாறிக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது?

எங்கள் முதல் பயணத்தில் மகளுக்கு ஜீன்ஸ், இரண்டு பருத்திக் காலுறை, கம்பளிக் கையுறை. பாதி வழியில் எல்லாம் நனைந்து, விரல்கள் மரத்து அழத் தொடங்கினாள். மீதி மூன்று கிலோமீட்டரும் அவள் கைகளை என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டே வந்தேன். குளிரை விட ஈரம்தான் எதிரி என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது விளையாட்டுத் துணி, அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத பனி உடை. வெங்காயம்போல அடுக்குங்கள், சூடானால் ஒன்றைக் கழற்றலாம். காலுறை ஒன்று போதும். இரண்டு போட்டால் சப்பாத்து இறுகி இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். கையுறை தண்ணீர் புகாததாக, கூடவே மாற்றுச் சோடி ஒன்று. சப்பாத்து கணுக்காலுக்கு மேலே வரவேண்டும், அடியில் ஆழமான பள்ளங்கள் இருக்கவேண்டும், ஏனென்றால் உங்கள் பிரேக்கே அதுதான். சால்வை கட்டவேண்டாம், வண்டியில் சிக்கும். கழுத்துக்குக் குழாய்போன்ற கழுத்துத்துணி போடலாம்.

கறுப்புத் தோலுக்கு வெயில் களிம்பு தேவையில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடுவரை திருப்பி அடிக்கும், மலையில் மேலே போகப் போகக் கதிரும் வலுக்கும். முகத்துக்குக் களிம்பு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி இரண்டுமே வேண்டும்.

பிள்ளைக்கு ஸ்கீயும் பழக்கவேண்டும். எங்கே தொடங்குவது?

உள்ளூர் ஸ்கீ பள்ளியில். நீங்களே சொல்லிக்கொடுக்க முயலவேண்டாம், அரை மணியில் இருவரும் கோபத்தோடு நிற்பீர்கள். பயிற்றுநர்கள் சின்னப் பிள்ளைகளிடம் "பிட்சா, பொம் ஃப்ரிட்" என்பார்கள். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து முக்கோணமாக்கினால் பிட்சா, அதுதான் பிரேக். இரண்டையும் நேராக வைத்தால் உருளைக்கிழங்குப் பொரியல், அப்போது ஓடும். இந்த இரண்டு சொல்லில் முதல் நாள் பாடம் முடிந்துவிடும்.

கருவிகளை வாடகைக்கு எடுக்கும்போது எடையையும் உயரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். விழும்போது சப்பாத்து ஸ்கீயிலிருந்து கழன்றுவிட வேண்டும், அந்தப் பூட்டின் இறுக்கத்தை எடையை வைத்துத்தான் அமைக்கிறார்கள். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிய சப்பாத்து வாங்காதீர்கள், குதிகால் தூக்கினால் ஸ்கீ திரும்பாது. சுவிஸில் பாதைகளுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு என்று அடையாளம் உண்டு. நீலம் சுலபம், கறுப்பு கடினம். டி வடிவக் கம்பி லிஃப்டில் ஏறினால் அதன்மேல் உட்காராதீர்கள். அது பின்னாலிருந்து தள்ளத்தான் செய்யும், உட்கார்ந்தால் விழுத்திவிடும்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. 6 வயதுக்குக் கீழே ரயில் இலவசம். அதற்கு மேல் 16 வயது வரை ஜூனியர் கார்டு, வருடத்துக்கு 30 பிராங்க், பெற்றோரோடு போனால் பிள்ளைக்குத் தனி டிக்கெட் வேண்டாம். பெரியவர்கள் பாதிக்கட்டண அட்டையைப் பயன்படுத்தலாம். சறுக்கு ரயிலுக்கு ஒரு தடவை டிக்கெட்டும் நாள் டிக்கெட்டும் தனியாக இருக்கின்றன. மூன்று தடவைக்கு மேல் ஏறுவதாக இருந்தால் நாள் டிக்கெட்டைக் கேளுங்கள், உங்கள் அட்டைக்குக் கழிவு உண்டா என்றும் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

உடைகளைப் புதிதாக வாங்காதீர்கள். இலையுதிர் காலத்தில் ஊர் ஊராக ஸ்கீ சந்தை நடக்கும், ப்ரோக்கி எனப்படும் பழைய பொருள் கடைகளிலும் நல்ல பனி உடைகள் இருக்கும். பிள்ளைகள் ஒரே வருடத்தில் வளர்ந்துவிடுவதால் பல உடைகள் புதிது போலவே இருக்கும். விளையாட்டுக் கடைகளில் பிள்ளைகளுக்கான ஸ்கீயைக் குளிர்காலம் முழுவதற்கும் ஒரே வாடகையாகவும் எடுக்கலாம்.

சாப்பாடு?

நாங்கள் வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும், பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணியும் கொண்டுபோவோம். ரயிலிலேயே சாப்பிடலாம். புட்டும் குழம்பும் கையுறையோடு சரிவராது.

வெளியே சாப்பிடுவதானால் இந்த மாநிலத்துக்கென்று சில உணவுகள் உண்டு. பார்லி சூப் குளிருக்கு அருமை, ஆனால் பெரும்பாலும் இறைச்சி போட்டிருப்பார்கள், சைவம் என்றால் கேட்டுத்தான் வாங்கவேண்டும். மலுன்ஸ் என்பது துருவிய உருளைக்கிழங்கையும் மாவையும் வெண்ணெயில் உதிரியாக வறுத்து ஆப்பிள் மசியலோடு தருவது, சைவக்காரருக்குப் பொருத்தம். அக்ரூட் பருப்பும் கருக்கிய சீனியும் வைத்த நுஸ்டோர்ட்டே என்ற இனிப்பில் ஒரு துண்டு சாப்பிட்டால் இன்னொரு இறக்கத்துக்குத் தெம்பு வரும்.

அடிபட்டால் என்ன செய்வது? காப்பீடு?

முதலில் வண்டி ஒன்றை மேலே நிறுத்தி வருகிறவர்களுக்கு எச்சரிக்கை கொடுங்கள், பிறகு அடிபட்டவரைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் 144, ஹெலிகொப்டர் மீட்பு ரேகா 1414. இரண்டையும் தொலைபேசியில் முன்பே பதிந்துவையுங்கள்.

சுவிஸில் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் வேலையிடக் காப்பீடு உண்டு. பிள்ளைகளுக்கும் வேலை இல்லாதவருக்கும் கிராங்கன்காசே என்ற மருத்துவக் காப்பீடுதான். அதன் அடிப்படைக் காப்பீடு மீட்புச் செலவில் பாதியை, வருடத்துக்கு 5,000 பிராங்க் வரைதான் தரும். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டில் பனி விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பல பத்திரங்களில் அது சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி முடியும் வரை. டிசம்பரில் பனி போதாமல் இருக்கலாம், மார்ச்சில் மத்தியானத்துக்குப் பிறகு பனி இளகும். எந்த மாதமானாலும் பாதை திறந்திருக்கிறதா என்று காலையில் பார்த்துவிட்டே வீட்டை விட்டுப் புறப்படுங்கள்.

வயதான அம்மா, அப்பாவையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. உயரம் பெரிய அளவில் தொந்தரவு தராது, காது மட்டும் அடைக்கும். வழுக்காத சப்பாத்தும், சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள் பட்டையும் வாங்கிக்கொடுங்கள். கிராமத்து வீடுகளின் சுவர்களில் சுண்ணாம்பைச் சுரண்டி வரைந்த அழகான கோலங்கள் இருக்கின்றன. 2017இல் இந்தக் கிராமம், இவ்வளவு அழகான படங்களைப் பார்த்து வர முடியாதவர்கள் மனம் வருந்துவார்கள் என்று சொல்லிப் படம் எடுக்கவே தடை போட்டது. விளம்பரத்துக்காகச் செய்ததுதான், நீங்கள் தாராளமாக எடுக்கலாம். நிலையத்துக்கு அருகில் அல்புலா ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, உள்ளே சூடாகவும் இருக்கும். அதன் வெளியே நிற்கும் "முதலை" என்ற பழைய மின்சார எஞ்சினில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரயில் ஓட்டிப்பார்க்கும் வசதி உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவை நிலையத்துக் காத்திருப்பு அறையில் இருக்கச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். பிள்ளைகள் வண்டியோடு ஏறிய அதே ரயிலில் ப்ரேடாவுக்கு ஏறி, அவர்கள் சறுக்கத் தொடங்கியதும் அடுத்த ரயிலில் கீழே இறங்கினார். பாலத்தைக் கடக்கும்போது அடியில் தெரிந்த பாதையில் சிவப்புத் தொப்பியும் நீலத் தொப்பியும் போவதைக் கண்டு ஜன்னலைத் தட்டினாராம். கீழே வந்து சேர்ந்த பிள்ளைகள், "அம்மம்மா, எங்களைக் கண்டீங்களா?" என்று கேட்டார்கள். அன்று அவர் அப்படி மூன்று தடவை ஏறி இறங்கினார்.